விழுந்த வரி

கணினி நிரலை வேண்டுமென்றே தடுக்கி விழ வைத்துச் சோதிப்பதுதான் ரெஜினாவின் வேலை. இன்று அவள் மேசையில் இருந்தது நோயாளியின் நரம்பில் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் கருவி; உள்ளே ஓடுவது சி மொழியில் எழுதிய நிரல். சோதனைக்காக உப்புநீர் பாட்டில் மாட்டி, சொட்டும் குழாயை மேசைமேல் தொங்கவிட்டிருந்தது. நினைவகத்தில் தொடக்கூடாத முகவரி ஒன்றை நிரல் தொடும்படி செய்தாள். விழும்போது தாங்குவதற்கென்றே அதற்குள் ஒரு பகுதி உண்டு. அது தாங்கிப் பிடித்து, கருவியை நிறுத்தி, மணியடிக்க வேண்டும். மணி அடிக்கவில்லை. எல்லாம் சரி என்று காட்டும் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

“விழுந்துச்சா?” என்றார் சோதனைப் படிவத்தோடு வந்து நின்ற மேலாளர் சௌந்தரபாண்டியன்.

“விழுந்துச்சு சார்.”

“பிடிச்சுதா?”

“பிடிச்சுது. பிடிச்சு, விழுந்த வரியிலயே கொண்டுபோய் நிறுத்துது. அங்கயே மறுபடி விழுது.” திரையில் விழுந்த எண்ணிக்கை நான்கு லட்சத்தைத் தாண்டி ஓடியது.

“செத்துப்போகலை இல்லம்மா? பச்சைதானே எரியுது. நாளைக்கு முப்பது மெஷின் ஆஸ்பத்திரிக்குப் போகணும்.” மைப்பேனாவைத் திறந்து, ‘தேறியது’ என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டார்.

ரெஜினா படிவத்தை இழுத்து, ஈரம் காயாத அந்தக் கையெழுத்து குழாய் நுனிக்கு நேர் கீழே வரும்படி வைத்தாள். பதறிக் கை நீட்டியவர் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். இருவரும் குழாயின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எண்ணிக்கை ஐந்து லட்சமானது. ஒரு சொட்டும் விழாமலே மை காய்ந்துவிட்டது.