கூட வந்தவர்

“இவர் ரத்தத்தையே எடுத்து இவர் தலையிலேயே ஊசி போடுறதா? நல்ல கூத்தா இருக்கே சிஸ்டர்!”

கேட்டவர் நோயாளி அல்ல, கூட வந்தவர். நோயாளி நாற்காலியில் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தார். அறுபதைத் தொட்ட வயது. உச்சந்தலை பளபளத்தது. டாக்டர் கேட்டதற்கெல்லாம் தலையை ஆட்டினாரே தவிர, வாயைத் திறக்கவில்லை. பெயரைக்கூடக் கூட வந்தவர்தான் சொன்னார்.

“கூத்தெல்லாம் இல்லை சார்.” சுற்றிக்கொண்டிருந்த இயந்திரத்தை நர்ஸ் காட்டினாள். “இது சுத்தினா சிவப்பெல்லாம் அடியில தங்கிடும். மேல மஞ்சளாத் தெளியும். அதுலதான் முடி வேரைத் தூண்டுற சத்து இருக்கு.”

“ஒரு விரல் உயரம் வளர எத்தனை மாசம் ஆகும்?”

“மாசம் ஒண்ணுன்னு மூணு தடவை போடணும். ஆறு மாசமாவது பொறுக்கணும். எல்லாருக்கும் வளரும்னு சொல்ல முடியாது. இவருக்கு வேர் கொஞ்சம் உயிரோட இருக்குன்னு டாக்டர் சொன்னார்.”

“எப்படியாவது வளரணும் சிஸ்டர்.”

கூட வந்தவர் கையெடுத்துக் கும்பிட்டார். வழுக்கைக்காரரோ எனக்கென்ன என்று சுவரைப் பார்த்தார். மாப்பிள்ளையை விட மாப்பிள்ளைத் தோழன் துடிக்கிறானே! அண்ணன் தம்பியா? சாயலே இல்லை. சம்பந்தியா? சம்பந்திக்கு முடி முளைத்தால் இவருக்கென்ன வந்தது? நர்ஸுக்கு மண்டையைக் குடைந்தது.

டாக்டர் ஊசியோடு வந்ததும் வழுக்கைக்காரர் விருட்டென்று எழுந்து வாசலைப் பார்த்தார். எடுத்த ரத்தம் வீணாகப் போகிறதே என்று நர்ஸ் பதறினாள்.

கூட வந்தவர் பதறவில்லை. தோளைப் பிடித்து அவரை உட்காரவைத்தார். பிறகு பின்னந்தலையில் இரண்டு விரலை வைத்து லேசாக அழுத்தினார். வழுக்கைக்காரர் பச்சைப்பிள்ளை மாதிரி தலையைக் குனிந்தார். கட்டின பெண்டாட்டி சொன்னால்கூட இங்கே எவரும் இத்தனை சீக்கிரம் குனிந்ததில்லை.

ஊசி போட்டு முடிந்தது. நர்ஸ் ஒரு படிவத்தை நீட்டினாள்.

“கூட வந்தவர்னு நீங்க கையெழுத்துப் போடுங்க சார். இவருக்கு நீங்க என்ன உறவு?”

அவர் பேனாவை வாங்கிக்கொண்டார்.

“உறவெல்லாம் இல்லம்மா. இருபத்திரண்டு வருஷமா இவருக்கு முடி வெட்டுறவன்.”

நர்ஸுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “அதானே பார்த்தேன்! போன வாடிக்கையைத் திரும்பப் பிடிக்க இப்படியும் ஒரு வழியா?”

அவர் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“சம்சாரம் போனதுக்கப்புறம் இவர் வாயைத் திறந்து பேசினது என் கடை நாற்காலியில மட்டும்தான். மாசத்துக்கு அரை மணி நேரம். முடி கொட்டினதும் வர்றதை நிறுத்திட்டார். சும்மாவாவது வந்து உட்காருங்கன்னா, வெட்ட என்ன இருக்குங்கிற மாதிரி தலையைத் தடவிக் காட்டிட்டுப் போயிடறார். இவர் குரலைக் கேட்டு ஏழு மாசமாச்சு சிஸ்டர்.”