பன்னிரண்டும் நூற்று நாற்பத்தேழும்

"ஒரு கமாவைக்கூட விடமாட்டேங்கிறீங்களே சாரே! எங்க அம்மச்சி கதையை என்னைவிட உங்களுக்கு நல்லாத் தெரியுமோ?"

கையெழுத்துப் பிரதிக் கட்டு பொத்தென்று மேசையில் விழுந்தது.

எடிட்டர் குரியாக்கோஸ் நிமிர்ந்து பார்த்தார். குவைத்தில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்துவிட்டு வந்த ஏலியாம்மா. அம்மச்சி என்று அவள் கூப்பிடும் விதவைத் தாய் வாத்து முட்டை விற்றுத் தன்னை வளர்த்த கதையை எழுதியிருந்தாள். பக்கத்துக்குப் பத்து இடத்தில் சிவப்பு மை போட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார். அதற்குத்தான் முதல் பஸ் பிடித்துக் கோட்டயத்துக்கே சண்டைக்கு வந்துவிட்டாள்.

"உக்காருங்க சேச்சி."

"உக்கார வரலை. எங்க சர்ச்சு பாதிரியார் பௌலோஸ் அச்சன் முன்னுரையே குடுத்துட்டாரு. வரிக்கு வரி படிச்சு அழுதாராம், ஒரு எழுத்தைக்கூடத் தொடக்கூடாதாம். காலேஜ் புரொபஸர் ஒருத்தர் பிழையே இல்லைன்னாரு. உங்களுக்கு மட்டும் எல்லாமே தப்பு!"

குரியாக்கோஸுக்கு இந்த வசவு புதிதல்ல. சோறு போடுவதே இதுதான். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"கதவை எதுக்குச் சாத்துறீங்க?"

"சிவப்பு மை போட்டது எதுவும் வேண்டாம்னா விட்டுடுவோம். போடாத இடம் ஒண்ணு இருக்கு. அதை எழுதினா டைப் அடிக்கிற பொண்ணுங்க கண்ணுல படும். நேர்ல கேக்கலாம்னு வெச்சிருந்தேன்."

தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னார்.

"பன்னிரண்டாம் பக்கத்துல, அம்மச்சியோட புருஷன், உங்க அப்பச்சன், அறுபத்து நாலாம் வருஷ மழையில வள்ளம் கவிழ்ந்து செத்துப் போறாரு. நூத்து நாப்பத்தேழுல நீங்க பள்ளிக்கூடத்துல சேர்றீங்க. பிறந்த தேதி அறுபத்தாறு, மே மாசம்."

ஏலியாம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"வருஷம் ஏதோ தப்பா விழுந்திருக்கு. எதை மாத்தணும்னு சொல்லுங்க, இப்பவே என் கையாலயே மாத்திடறேன். வெளியில தெரியாது. வெளியீட்டு விழாவுல அம்மச்சி முன்வரிசையில வந்து உக்காரப் போறாங்க. இப்படியே அச்சாச்சுன்னா ஊர் விரல் விட்டு எண்ணும் சேச்சி."

அடி விழுமோ, அழுகை வருமோ என்று பயந்துகொண்டே நின்றார்.

"எண்ணட்டும்!" என்றாள் ஏலியாம்மா. "ரெண்டு வருஷமும் சரிதான். ஒண்ணையும் மாத்த வேண்டாம்."

திருத்த எடுத்த பேனாவைக் குரியாக்கோஸ் கீழே வைத்தார்.

"அம்மச்சி சொல்லித்தான் ரெண்டையும் எழுதினேன். எண்பத்தாறு வயசு அவளுக்கு. 'உன்னைப் பெத்ததுக்கு நானே வெக்கப்படலை, நீ எதுக்குடி பயந்து சாகறே'ங்கறா."

பையிலிருந்து மெல்லிய கட்டு ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"எனக்கு அப்பன் யாருன்னு இந்த அத்தியாயத்துல இருக்கு. முதல்லயே சேர்த்திருப்பேன். அம்மச்சிதான், 'கேக்குற ஆளு வந்தா குடு, கேக்காதவனுக்கு எதுக்கு'ன்னு தடுத்துட்டா. கமாவையெல்லாம் பிடிச்ச மனுஷன் இதைப் போய் விட்டுட்டாரேன்னுதான் சாரே எனக்கு அவ்வளவு ஆத்திரம்."

குரியாக்கோஸ் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவர் கண் கலங்கிவிட்டது.

"அப்போ அச்சனும் புரொபஸரும் இதைப் பத்தி ஒண்ணுமே கேக்கலையா?"

"அச்சன் அழுதாரு. புரொபஸர் பாராட்டினாரு. படிச்சது நீங்க ஒருத்தர்தான் சாரே!"