அந்த அரை மணி

"மாப்பிள்ளை இன்னும் பொறக்கவே இல்லன்னு கம்ப்யூட்டர் சொல்லுது! அவங்கம்மா எதிர்ல உக்காந்திருக்காங்க. நான் மூஞ்சிய எங்கப்பா வச்சிக்கிறது?"

திகாம் பத்துவில் திருமண நிலையம் நடத்தும் பரஞ்சோதி போனில் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். அவருக்குப் பொருத்தம் பார்க்கும் மென்பொருளை எழுதிக் கொடுத்த ரவிச்சந்திரன், கூலிம் தொழிற்சாலையில் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் நேராக வந்து நின்றான். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"நாள், நேரத்தக் கணக்குப் போட மென்பொருளுக்குள்ள லைப்ரரின்னு ஒரு ரெடிமேட் புரோகிராம் இருக்குண்ணே. அதப் புதுசுக்கு மாத்தினேன். நம்ம பழைய ஃபைல்ல பொறந்த வருஷத்த வெறும் தொண்ணூத்தஞ்சுன்னு போட்டிருக்கோம் லா. பழசுக்குப் புரியும். புதுசு அத இரண்டாயிரத்துத் தொண்ணூத்தஞ்சுன்னு எடுத்துக்குது."

"எனக்கு எதுக்கு இந்த சூசா, இந்தத் தொல்லை? பழசு நல்லாத்தானே ஓடிச்சி? அதையே போடு லா."

"பழசு தப்புண்ணே."

"என்ன தப்பு? ஊர்ல பாதிப் பேரு அதுல பொருத்தம் பாத்துத்தான் தாலி கட்டினான்!"

"எண்பத்திரெண்டுலதான் நம்ம நாட்டுக் கடிகாரத்த அரை மணி முன்னால தள்ளி வச்சாங்க. பழசுக்கு அது தெரியாது. அதுக்கு முன்னாடி பொறந்தவங்களுக்கு அரை மணி பிசகு. சிலருக்கு நட்சத்திரமே மாறிடும்."

பரஞ்சோதி தலையில் அடித்துக்கொண்டார்.

"இங்க வர்றதெல்லாம் தொண்ணூறுக்கு மேல பொறந்த பிள்ளைங்கடா! எலிக்குப் பயந்து வீட்டக் கொளுத்தின கதையால்ல இருக்கு. இன்னிக்கே பழசத் திருப்பிப் போடு. இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கிறேன்."

எதற்கும் தலையாட்டிவிட்டுப் போகிறவன் ரவிச்சந்திரன். இன்று அசையவில்லை.

"ஒவ்வொரு ஃபைலா நானே உக்காந்து திருத்தித் தர்றேண்ணே. உங்களுக்குப் புண்ணியமாப் போவும். பழசு மட்டும் வேணாம்." கிட்டத்தட்ட அழுதுவிடுவான் போலிருந்தது.

"ஹெல்மெட்டக் கழட்டிட்டுப் பேசுடா!" என்றவர், நிலையத்தில் பல வருடமாக வேலை பார்க்கும் காஞ்சனாவிடம் திரும்பினார். "நீயாச்சும் சொல்லும்மா. எண்பத்திரெண்டுக்கு முன்னாடி பொறந்து, இன்னும் கல்யாணம் ஆகாத ஆளு யாராச்சும் இருக்காங்களா?"

காஞ்சனா கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ரெண்டு பேரு இருக்காங்கண்ணே. எத்தன தடவ போட்டுப் பாத்தாலும் பழசு பொருத்தமே இல்லன்னு சொல்லிச்சி. வருஷத்த முழுசாப் போட்டா புதுசுல பத்துக்கு எட்டு."

"அட, யாரும்மா அது?"

காஞ்சனா முகம் சிவந்து தலையைக் குனிந்துகொண்டாள். ரவிச்சந்திரன் ஹெல்மெட் கண்ணாடியைச் சட்டென்று கீழே இறக்கி முகத்தை மறைத்துக்கொண்டான்.