நாலாவது சீட்டு

பரணிதரன் நின்றுகொண்டே இட்லி தின்றான். மெஸ்ஸில் ஸ்டூல் காலியாகத்தான் கிடந்தது. இருந்தும் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு சுவரோரமாக நின்றான்.

"ஏன் தம்பி, மூலமா?" என்று மெஸ்கார புவனேஸ்வரி அக்கா எல்லார் முன்னாலும் கேட்டேவிட்டாள். "கருணைக்கெழங்கு வேணா மசிச்சுத் தரவா?"

"அதெல்லாம் இல்லக்கா. சைக்கிள்."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சட்னியை விட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

சிரிக்கட்டும். அவன் கஷ்டம் அவனுக்கு. பெண்டாட்டி பூவிழியும் பிள்ளையும் ஜெயங்கொண்டத்தில் இருக்க, அவன் பெரம்பலூரில் ஒரு விதைக் கம்பெனியில் கிளார்க். ஜெயங்கொண்டம் கிளையில் ஓர் இடம் காலி. மேனேஜர் தமிழழகன் ஒரு வார்த்தை எழுதி அனுப்பினால் காரியம் முடிந்தது. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவன் பின்பக்கம் புண்ணாகிக் கிடந்தது.

போன மாதம் ஒரு காலையில் மேனேஜர் தன் மகனுடைய சைக்கிளில் ஆபீஸுக்கு வந்து இறங்கினார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, முகம் கடுகடுவென்று இருந்தது. பரணிதரனுக்கு அது ஒரு லட்சியவாதியின் முகமாகத் தெரிந்தது. உடனே போட்டோ எடுத்து, 'சைக்கிளில் வரும் எங்கள் சார், எங்கள் வழிகாட்டி' என்று கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் ஏற்றிவிட்டான்.

திருச்சி ஹெட் ஆபீஸிலிருந்து முதலாளியே கைதட்டும் பொம்மை போட்டார். 'எல்லா மேனேஜரும் இவரைப் பார்த்துக் கத்துக்கணும். தினமும் போட்டோ வரட்டும்' என்று எழுதினார்.

அன்று சாயங்காலமே பரணிதரனும் ஒரு சைக்கிள் வாங்கினான். மறுநாள் விடிந்ததும் துறைமங்கலத்தில் மேனேஜர் வீட்டு வாசலில் போய் நின்று மணியடித்தான்.

"சார்! நானும் சைக்கிள் சார்! இனிமே சேந்தே போலாம் சார்!"

மேனேஜர் கதவைத் திறந்து அவனையும் சைக்கிளையும் பார்த்தார். அப்புறம் உள்ளே போய் மகனுடைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

பரணிதரனுக்கு அதுவரை பஸ் சீட்டைத் தவிர வேறு எதையும் அறியாத உடம்பு. சைக்கிளோடு வந்த சீட்டு அரிவாள்மணை மாதிரி இருந்தது. சைக்கிள் கடை தர்மனிடம் போய் ஜெல் உறை மாட்டினான். வெயிலில் நின்ற ஜெல், உட்கார்ந்ததும் தோசைக்கல்லாய்ச் சுட்டது. ஸ்பிரிங் வைத்த அகலச் சீட்டு மாற்றினான். அது வேகத்தடைக்கு வேகத்தடை அவனைத் தூக்கிப் போட்டுப் பிடித்தது. நடுவில் ஓட்டை விட்ட சீட்டு ஒன்று வந்தது. "காத்தோட்டமா இருக்கும் சார்" என்றான் தர்மன். காற்று வந்தது, வலியும் கூடவே வந்தது.

"இன்னும் ஒண்ணு காட்டுய்யா" என்றான் பரணிதரன்.

"காட்டுறேன் சார். அதுவும் ஒத்துக்கலைன்னா சீட்டையே கழட்டிருவோம். நின்னுக்கிட்டே ஓட்டுங்க."

மேனேஜர் முன்னால் மட்டும் அவன் முகம் சுளிக்கவே இல்லை.

"வலிக்கலையாய்யா ஒனக்கு?" என்று அவர் தினமும் ஆவலாகக் கேட்பார்.

"சுத்தமா இல்லீங்க சார்! மெத்தையில உக்காந்த மாதிரி இருக்கு. ஞாயித்துக்கெழம பாடாலூர் வரைக்கும் போயிட்டு வருவமா சார்?"

மேனேஜர் தன் சைக்கிள் சீட்டை ஒருதரம் தடவிப் பார்த்தார். "ம்... போலாம்."

அவருடைய உறுதி அவனை மலைக்க வைத்தது. இப்போதெல்லாம் ஃபைலில்கூட நின்றுகொண்டேதான் கையெழுத்துப் போட்டார். மீட்டிங்கும் நின்றபடிதான். "உக்காந்தா சோம்பேறித்தனம் வந்துரும்" என்று சொல்லிவிட்டார். மனுஷன் என்றால் இவர்தான் என்று பரணிதரன் நினைத்துக்கொண்டான்.

பூவிழிக்குத்தான் அது புரியவில்லை. "வாராவாரம் ஞாயித்துக்கெழம ஆனா வூட்டுக்கு வராம சைக்கிள்ல போயிடுறீங்க. புள்ள ஒங்க போட்டோவக் காட்டி மாமாங்கிறான். பேசாம அந்த மேனேஜரையே கட்டிக்கிட்டிருக்கலாமுல்ல?" என்று போனில் கத்தினாள்.

"டிரான்ஸ்பர் வரட்டும்டி. எல்லாம் ஒனக்காகத்தான் இந்த சீட்டுல உக்காந்திருக்கேன்."

நாலாவது சீட்டு மாட்டிய வாரத்திலேயே டிரான்ஸ்பர் வந்துவிட்டது. மேனேஜர் அவனை அறைக்குள் கூப்பிட்டு, நின்றபடியே ஆர்டரை நீட்டினார்.

"ஜெயங்கொண்டம் போட்டாச்சுய்யா. ஹெட் ஆபீஸ்ல சண்ட போட்டு வாங்கினேன். நாளைக்கே போயி சேந்துக்க."

பரணிதரனுக்குக் கண் கலங்கிவிட்டது. "எல்லாம் அந்த சைக்கிளாலதான சார்?"

"ஆமாய்யா" என்று மேனேஜர் பெருமூச்சு விட்டார். "அந்த சைக்கிளாலதான்."

"நன்றி மறக்கமாட்டேன் சார். சைக்கிள ஒங்க வூட்டு வாசல்லயே விட்டுட்டுப் போறேன். ஞாயித்துக்கெழம ஆனா மொத பஸ்ஸப் புடிச்சு வந்துடுவேன். பாடாலூர் போறது மட்டும் நிக்கவே கூடாது சார்!"

மேனேஜர் விறுவிறுவென்று போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து அவனைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார்.

"என்னைய விட்டுருய்யா! நீ மொத போட்டோ எடுத்தியே, அன்னைக்கு என் காரு சர்வீஸுக்குப் போயிருந்துச்சு!"