பின்கேட் புங்கமரம்

"பின்கேட்டுலேருந்து இருபத்திரண்டு அடி வெளிய மேடம். டேப் வெச்சு அளந்துட்டேன். புங்கமரத்தடியிலதான் நடந்துது."

வாட்ச்மேன் சாமிக்கண்ணு சொன்னதைக் கேட்டதும் கல்லூரி மாணவர் பாதுகாப்புக் குழுத் தலைவி செல்வகுமாரி மேடத்துக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. எதிரே நின்ற அந்தோணி மேரிக்கு வயிறு எரிந்தது.

"கேட்டீங்களாம்மா? வெளிய. காலையிலேருந்து நான் அதைத்தானே சொல்றேன்?"

அந்தோணி மேரி பக்கத்தில் நின்ற மகளைப் பார்த்தாள். ஜோஸ்பின், பி.எஸ்சி. இரண்டாம் வருஷம். முந்தாநாள் சாயங்காலம் பின்கேட் பக்கம் பஸ்ஸுக்கு நின்றவளைக் கையைப் பிடித்து, பைக்கில் ஏறு என்று இழுத்திருக்கிறான் ஃபைனல் இயர் படிக்கிற ஒருத்தன். சுடிதார் கை கிழிந்துபோனது. சத்தம் கேட்டு ஓடிவந்து அவனை விரட்டியது இதே சாமிக்கண்ணுதான்.

அவர் சாட்சி சொல்வார் என்று நம்பித்தான் வில்லியனூர் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள் அந்தோணி மேரி. நல்ல சாட்சி. வந்த பிறகல்லவா தெரிகிறது, விரட்டின கையோடு டேப்பையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார் என்று.

"வெளிய நடந்தா இன்னா மேடம்? கையப் புடிச்சவன் இங்க படிக்கிறவன்தான?"

"கேம்பஸுக்குள்ள நடந்தாத்தான் ரிஜிஸ்டர்ல ஏத்த முடியும். ரூல் அப்படிம்மா. இந்த வருஷம் எங்ககிட்ட ஒரு கம்ப்ளெயிண்ட் கிடையாது, தெரியுமா? ரோட்ல நடக்கிறதுக்கெல்லாம் நாங்க பொறுப்பாக முடியாது. போலீஸ்ல குடுங்க."

"எந்த போலீஸ்ல?"

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கரையாம்புத்தூர் போகிற அந்தப் பின்கேட் ரோட்டுக்கு இந்தாண்ட புதுச்சேரி, அந்தாண்ட தமிழ்நாடு. எதுவாவது நடந்தால் அது உங்கள் பக்கம், இது எங்கள் பக்கம் என்று ஆளுக்கொரு திசையில் கைகாட்டுவது ஊரறிந்த சங்கதி.

"அது அவங்களே பார்த்துச் சொல்வாங்க" என்றார் கடைசியில்.

"இவ அப்பா ஒரே பேச்சுதான் சொன்னாரு மேடம். காலேஜ்ல எழுத்து மூலமா கம்ப்ளெயிண்ட் எடுத்துக்கினா புள்ள படிக்கட்டும், இல்லன்னா நாளையிலேருந்து வூட்டோட கெடக்கட்டும்னாரு."

ஜோஸ்பின் தலையை நிமிர்த்தவே இல்லை. அப்பா சொன்னால் சொன்னதுதான் என்று அவளுக்குத் தெரியும். வீட்டுக்குப் போனதும் புத்தகங்களை யாருக்குக் கொடுப்பது என்கிற வரைக்கும் அவள் யோசித்து முடித்திருந்தாள்.

"அது உங்க குடும்ப விஷயம்மா. அதுல நான் எப்படித் தலையிடறது?"

சாமிக்கண்ணு தொண்டையைச் செருமினார்.

"மேடம், நான் சொன்னத எழுத்துல போட்டுருங்க. அந்த மரம் வெளியதான்னு தெளிவா இருக்கட்டும். நாளைக்கு எவனாவது வந்து வாட்ச்மேன் மாத்திப் பேசறான்னுவான். எனக்கு எதுக்கு வம்பு?"

"கரெக்ட்."

மேடம் ஒரு தாளை எடுத்து எழுதினார். எழுதியதை வாசித்தும் காட்டினார்: "சம்பவம் நடந்த புங்கமரத்தடி கல்லூரி வளாகத்துக்கு உட்பட்ட இடமல்ல. எனவே புகார் ஏற்கப்படவில்லை."

"கையெழுத்து, சீலு?"

இரண்டும் விழுந்தன.

அதற்குமேல் அந்தோணி மேரியால் அடக்க முடியவில்லை. "யோவ், கண்ணால பாத்தவன்யா நீ. அந்தப் பையன் இழுத்தப்ப எம்பொண்ணு அழுதத பாத்தவன். இப்டி பேச நாக்கு கூசல ஒனக்கு? வேலைய காப்பாத்திக்கறதுக்கு இப்டியா?"

சாமிக்கண்ணு அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து, மேடம் எழுதிய தாளுக்குப் பக்கத்தில் விரித்து வைத்தார்.

போன மாசத்து ஆர்டர். "பி.காம். முதலாண்டு மாணவர் அன்புராஜ், கல்லூரி வளாகத்துக்குள், பின்கேட் புங்கமரத்தடியில் சிகரெட் புகைத்த குற்றத்துக்காகப் பதினைந்து நாள் இடைநீக்கம் செய்யப்படுகிறார்."

கீழே கையெழுத்து, செல்வகுமாரி.

"இருக்கிறது ஒரே மரம்தான் மேடம். போன மாசம் உள்ள இருந்துது, இந்த மாசம் வெளிய போயிடுச்சு. சிகரெட் குடிச்சா காலேஜு, பொண்ணு கையப் புடிச்சா ரோடா? ரெண்டு பேப்பர்ல ஒண்ணக் கிழிச்சிடுங்க. எதக் கிழிச்சாலும் எனக்கு சம்மதம்."

மேடம் இரண்டு தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு தாம் சற்றுமுன் எழுதியதை எடுத்துக் கிழித்தார். அலமாரியைத் திறந்து ரிஜிஸ்டரை எடுத்தார். புதுக் கருக்கு மாறாமல் இருந்தது அது.

"பேர் சொல்லும்மா" என்றார்.

ஜோஸ்பின் சொன்னாள். அவன் பெயர், அவன் டிபார்ட்மெண்ட், பைக் நம்பர் எல்லாம் சொன்னாள். காலையிலிருந்து அவள் வாய் திறந்தது அப்போதுதான். மேடம் எழுதி முடித்து, ஒரு நகலில் சீல் வைத்து அந்தோணி மேரியிடம் நீட்டினார். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

மேடத்துக்கு மனசு ஆறவில்லை. கோபத்தை யார்மேலாவது இறக்கிவைக்க வேண்டுமே.

"ஆபீஸ் ஆர்டர் உன் கைக்கு எப்படிய்யா வந்துது? எந்த கிளார்க் எடுத்துக் குடுத்தான்? சிகரெட் பிடிச்ச அந்தப் பையனுக்கு நீ என்ன வக்கீலா?"

"யாரும் குடுக்கல மேடம். தபால்ல வூட்டுக்கு வந்துது. அன்புராஜ் எம்மவன்."

சாமிக்கண்ணு தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"அங்க நின்னு சிகரெட் குடிக்கிறான்னு ஒங்களுக்கு எழுதிக் குடுத்ததே நான்தான் மேடம்."