நீர்ப்பல்லி நோட்டு

கையெழுத்துப் போட வேண்டிய காகிதத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு, மேஜையில் கிடந்த ஐம்பது பேசோ நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள் தோமாசா. விசாரணை அதிகாரி பாரேடா நாற்காலியில் நெளிந்தார்.

"நோட்டு வேணும்னா எடுத்துக்கங்கம்மா. சாட்சிப் பொருள் பட்டியல்ல சேக்கல."

நோட்டுக்குப் பக்கத்தில் மண் ஒட்டிய சட்டை. அவள் தைத்தது. அதன் காலருக்குள்தான் நோட்டு மடித்துச் செருகியிருந்தது. குழியில் கிடைத்த எலும்பும் அவள் ரத்தமும் பரிசோதனையில் ஒத்துப்போய்விட்டன. மகன் லீனோவேதான்.

குழியைக் கண்டுபிடித்ததும் அவளேதான். காணாமல்போன பிள்ளைகளின் தாய்மாரோடு ஐந்து வருஷமாகக் காடுமேடெல்லாம் இரும்புக் கம்பியை அடித்து இறக்கி, உருவி, பிண வாடை வருகிறதா என்று நுனியை மோந்து பார்த்தவள். உள்ளங்கை செங்கல்லாகக் காய்த்திருந்தது.

"பஸ்ஸுக்குக்கூட எங்கிட்டதான் சில்லறை வாங்கிட்டுப் போனான்," என்றாள். "இது ஏது?"

"யாராச்சும் குடுத்திருப்பாங்க. 2019 மார்ச்ல கடத்தின அன்னிக்கு ராத்திரியே கொன்னுட்டாங்கன்னு அப்பவே சொன்னேன். நம்பினீங்களா? அடுத்த வருஷம் ஃபைலை மூடினதுக்கு என் ஆபீஸ் வாசல்ல நின்னு மண்ணை வாரித் தூத்துனீங்க."

அன்றைக்கு ராத்திரியே என்றால், பிள்ளை ரொம்ப நாள் வதைபடவில்லை. மிச்சமிருந்த அந்த ஒரே ஆறுதலுக்காக அவள் பேனாவை எடுத்தாள்.

பாரேடாவுக்கு மூச்சு வந்தது. பிளாஸ்டிக் நோட்டு, மண்ணில் கிடந்தும் கெடவில்லை. பிரித்துத் திருப்பினார். செவுளை விரித்துக்கொண்டு ஒரு நீர்ப்பல்லி சிரித்தது.

"முன்னெல்லாம் ஐம்பதுல விடுதலை வீரர் மொரேலோஸ் தலையில துணியைக் கட்டிக்கிட்டு முறைப்பாரு. இப்ப இந்தப் பிராணி. இதுல ஒண்ணைக்கூட எம்பொண்ணு செலவு பண்ண விடமாட்டா. மொதமொதல்ல வெளியிட்ட அன்னிக்கே பேங்க்ல கால் கடுக்க நின்னு வாங்கிக் குடுத்தேன்."

பேனா நின்றது. "அது எப்ப?"

"2021 அக்டோபர்ல..."

சொன்னவர் நோட்டைச் சட்டென்று மேஜையில் போட்டார். தோமாசா எழுந்து நின்றாள்.

"அப்ப நீங்க ஃபைலை மூடினப்போ எம்புள்ள உசுரோட இருந்திருக்கான்."