ஒதுக்கி வைத்த மென்பொருள்

ராயபுரத்தில் அச்சகம் நடத்தும் அலெக்ஸாண்டரிடம் பெண் கேட்டு வந்திருந்தான் அம்புரோஸ்.

"தமிழ்ல டைப் அடிக்க மென்பொருள் எழுதி ஊருக்கே குடுத்தியாமே தம்பி? அப்பால ஏன் கம்ப்யூட்டருக்கு இலவச சிஸ்டம் குடுக்குற அந்த லினக்ஸ்காரங்க அத்த ஒதுக்கி வெச்சிக்கிறாங்க?"

"என்னுத யாரு வேணா எடுக்கலாம், மாத்தலாம் சார். ஆனா அது ஓடணும்னா ஒருத்தரோட எழுத்துரு வேணும். அவரு அத்த யாருக்கும் தொறந்து வுடல. முழுசா தொறந்து வுட்டத்த மட்டும்தான் அவங்க முக்கியப் பட்டியல்ல சேப்பாங்க. அதான் என்னுத தனிப் பிரிவுல போட்டுட்டாங்க."

அலெக்ஸாண்டர் கொதித்தார். "எவன் அந்தக் கஞ்சன்? பேரச் சொல்லு, நாலு வார்த்த நறுக்குனு கேட்டுர்றேன்!"

அம்புரோஸ் தலைகுனிந்தான். மகள் ஃப்ளோராவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"நைனா, நம்ம பிரஸ்ல நீ செஞ்சு வித்துகினு கீறியே, அந்த எழுத்துருதான்!"

அலெக்ஸாண்டர் விழித்தார். பிறகு அவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"இன்னிலேர்ந்து எல்லாரும் எடுத்துக்கட்டும், மாப்ளே!"